மார்கழியில் சென்னை வருகிறீர்களா? முதலில் சபா கேண்டீனுக்குப் போங்கள்

டிசம்பரில் ஊருக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது கச்சேரிப் பட்டியலைத்தான். அது வேண்டியதுதான். ஆனால் சென்னை இசை விழாவில் பாதி அரங்கத்துக்கு வெளியே, கச்சேரி நடத்தும் சங்கங்களான சபாக்களின் கேண்டீன் மேசைகளைச் சுற்றி நடக்கிறது. பகலில் பாடி முடித்த இளம் பாடகி, மாலை வாசிக்கப் போகும் மிருதங்க வித்வான், பல வருடங்களாக முன்வரிசையை விடாத ரசிகர் என எல்லோரும் ஒரே வரிசையில் டோக்கனுக்கு நிற்பார்கள். நேற்று எந்த வர்ணம் (கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் உருப்படி) எடுபட்டது, யாருடைய தோடி ராகம் நின்றது என்ற தீர்ப்பெல்லாம் அங்கேதான் சொல்லப்படும். பெரும்பாலான சபாக்களில் சாப்பிட மட்டும் போவதற்குக் கச்சேரி டிக்கெட் தேவையில்லை.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது, அதையொட்டி அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமி. காலையில் விளக்க உரை, பகலில் கச்சேரிகள், மாலையில் பெரிய வித்வான்கள் என்று நாள் முழுக்க நிகழ்ச்சி ஓடும்போது வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் திரும்புவது நடக்கிற காரியமா? சபாவுக்குள்ளேயே அடுப்பு வந்தது. நாளடைவில் சமையல்காரர்களும் வித்வான்களைப் போலப் பெயர் வாங்கினார்கள். மவுண்ட்பேட்டன் பிரபுவின் விருந்துக்குச் சமைத்தவர் என்பதால் ‘மவுண்ட்பேட்டன்’ மணி ஐயர் என்றே ஒருவர் அறியப்பட்டார். முன்னாள் குடியரசுத் தலைவர் வி.வி. கிரி தந்த ‘அறுசுவை அரசு’ என்ற பட்டம் நடராஜன் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

எண்பதுகளிலோ தொண்ணூறுகளிலோ சென்னையை விட்டுப் போனவர்களுக்கு ஒரு செய்தி: கதீட்ரல் சாலையின் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இப்போது இல்லை. உடுப்பிப் பக்கத்திலிருந்து வந்து உட்லண்ட்ஸை உருவாக்கிய கே. கிருஷ்ணா ராவ் அதை 1962இல் திறந்தார். அகாடமியின் இப்போதைய அரங்கம் திறந்ததும் அதே ஆண்டில்தான். மர நிழலில் வண்டியை நிறுத்தினால் கார்க் கதவிலேயே தட்டை மாட்டித் தோசை தருவார்கள். எழுத்தாளர், பத்திரிகையாளர், சினிமாக்காரர், இசைக்காரர் என ஊரே அங்கே உட்கார்ந்து பேசியது. நிலம் அரசிடம் போக, 2008இல் கடை மூடியது. 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்தது. பூங்கா அழகாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கடையை இழந்தது நகரத்துக்குப் பெரிய நஷ்டம் என்றே நினைக்கிறேன். அதன் மூத்த கடையான நியூ உட்லண்ட்ஸ், அகாடமியிலிருந்து சற்றுத் தள்ளி ராதாகிருஷ்ணன் சாலையில் இருக்கிறது. நல்ல வடிகட்டிய காபிக்கு அங்கே போகலாம்.

இனி நடைமுறை. கேண்டீன் ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம் கைமாறும். போன தடவை சாப்பிட்ட ருசியை நம்பிப் போகாமல், இந்த வருடம் எந்த சபாவில் யார் சமையல் என்று விசாரியுங்கள். ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்கும். இலைச் சாப்பாடு வேண்டுமானால் பன்னிரண்டு மணிக்கு முன்பே போய்விடுங்கள். வார இறுதியில் கூட்டம் தாங்காது. வெளிநாட்டு எண்ணில் யுபிஐ (கைபேசியில் பணம் செலுத்தும் முறை) சிக்கல் தரலாம், சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும். பல சபாக்களில் இளம் கலைஞர்களின் பகல் கச்சேரிக்குக் கட்டணம் கிடையாது. அதைக் கேட்டுவிட்டு அடையும் அவியலும் சாப்பிட்டால் ஒரு பகல் இனிமையாகப் போய்விடும். மெட்ரோ வேலையால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டைச் சாலைகள் திருப்பிவிடப்பட்டிருக்கக்கூடும். அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள்.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். மிருதங்கம் போன்ற தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபிக்கு ஓடாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் பலர் ஓடுகிறார்கள் என்பது அதைச் சரியாக்காது. இரண்டு மணி நேரம் பாட்டைத் தாங்கி வாசித்தவருக்குக் கிடைப்பது அந்தப் பதினைந்து நிமிடம்தான். கேண்டீனில் வித்வானைப் பார்த்தால் பேசலாம், பெரும்பாலும் அன்பாகவே பேசுவார்கள். கச்சேரிக்கு முன்பு என்றால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படம் எடுப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஒரு நாளாவது விடியற்காலையில் மயிலாப்பூர் மாட வீதிக்குப் போங்கள். கீர்த்தனைகள் இயற்றிய பாபநாசம் சிவன் மார்கழிதோறும் பஜனை பாடி நடந்த வீதிகள் அவை. இன்றும் பஜனைக் குழுக்கள் வலம் வருகின்றன. அது முடிந்ததும் கச்சேரி சாலைப் பக்கம் சந்துக்குள் இருக்கும் ராயர் மெஸ்ஸில் நெய் மணக்கும் பொங்கலும் கெட்டிச் சட்னியும் கிடைக்கும். இடம் சிறியது, காலையிலேயே தீர்ந்துவிடும். கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது, அங்கே கொஞ்சம் தாராளமாக உட்காரலாம்.

தமிழ்ப் பாட்டு மட்டும் கேட்க வேண்டும் என்பவர்கள் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போகலாம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் பிற்பகுதியில் அங்கே நடக்கும். பயணம் ஜனவரியிலும் நீண்டால், திருவையாற்றில் நடக்கும் தியாகராஜர் ஆராதனைத் தேதியைப் பார்த்து வையுங்கள். புஷ்ய பகுள பஞ்சமி (புஷ்ய மாதத் தேய்பிறையின் ஐந்தாம் நாள்) என்பதால் ஆண்டுதோறும் தேதி மாறும். தஞ்சாவூரில் தங்கிக்கொண்டு விடிவதற்குள் பஸ் பிடித்தால் திருவையாற்றில் காவிரிக் கரைப் பந்தலில் இடம் கிடைக்கும். தியாகராஜரின் பஞ்சரத்தின கீர்த்தனைகளைப் பாடி முடிந்து வரும்போது கடைத்தெருவில் அசோகா அல்வாவைச் சூடாக வாங்கிச் சாப்பிடுங்கள்.