ஜன்னல் கண்ணாடியின் வெண்திட்டுகளைப் போக்கிய விதம்

ஆள் வைத்துத் துடைத்த பிறகும் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிகளில் வெண்திட்டுகள் எஞ்சியிருந்ததால், கீழ்த்தள ஜன்னல்களை நானே சுத்தம் செய்யத் தொடங்கினேன். கடின நீர் காய்ந்தபின் படியும் அத்திட்டுகள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்னும் சுண்ணாம்புப் படிவு என்பதால், சோப்பு நீருக்கு அவை அசைவதில்லை. வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, அதில் நனைத்த துணியைக் கண்ணாடியின்மீது சில நிமிடங்கள் ஒட்டிவைத்தபோது, வினிகரிலுள்ள அசிட்டிக் அமிலம் படிவைக் கரைத்து, விரலால் தடவினாலும் சொரசொரப்புத் தெரியாத அளவுக்கு வழவழப்பாக்கியது. (ஜன்னலடியில் பளிங்குக்கல் பதித்திருந்தால் அதன்மேல் வினிகர் சொட்டக் கூடாது, கல் அரித்து மங்கிவிடும்.) பின்பு, பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளிகள் கலந்த நீரால் துடைத்து, ரப்பர் வைப்பரை மேலிருந்து கீழாக இழுத்தேன்; ஒவ்வோர் இழுப்புக்கும் பின் ரப்பர் விளிம்பைத் துடைக்காவிட்டால் கோடு விழுவது நிச்சயம். வெயில் நேராக விழும் நேரத்தில் செய்தால், இழுப்பதற்குள் நீர் காய்ந்துவிடும். மாடி ஜன்னல்களின் வெளிப்புறத்தை மட்டும் இன்றும் ஆளிடமே விட்டிருக்கிறேன். ஏணி உச்சியில் நின்று கூலியை மிச்சப்படுத்த எனக்கு விருப்பமில்லை. வருபவர் கனிமம் நீக்கிய நீரைப் பயன்படுத்துவாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன். அந்நீர் தானாகக் காய்ந்தாலும் திட்டு விழாது.