மரத்தளத்தில் டைல்ஸ்: சிமென்ட் போர்டுக்கு அடியிலும் கலவை வேண்டும்

அமெரிக்க, கனடிய வீடுகளின் மரத்தளத்தில், டைல்ஸுக்கு அடியில் போடும் சிமென்ட் பலகையான சிமென்ட் போர்டைப் பதிக்கும்போது ஸ்க்ரூவோடு நிறுத்தாதீர்கள். முதலில் தளத்தின் ப்ளைவுட்டின் மேல் தின்செட் கலவையை (டைல்ஸ் பதிக்கும் சிமென்ட் கலவை) கால் அங்குலப் பல் கரண்டியால் இழுத்துவிட்டு, ஈரம் காயுமுன் போர்டை வைத்து முடுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு போர்டுக்கு மட்டும் கலவை போட்டால் போதும்.

இந்தக் கலவை ஒட்டுவதற்காக அல்ல. பிடித்து வைப்பது ஸ்க்ரூதான், 8 அங்குலத்துக்கு ஒன்று. அடியில் உள்ள சிறு இடைவெளிகளைக் கலவை நிரப்பிவிடும். அவை காலியாக இருந்தால் கால் படும்போதெல்லாம் போர்டு அசையும். முதலில் டைல்ஸ் இடுக்குகளை நிரப்பும் கிரவுட் விரிசல் விடும், பிறகு டைல்ஸ் பெயரும். போர்டுகளுக்கு நடுவே 1/8 அங்குலம் விடுங்கள். போர்டின் இணைப்பும் ப்ளைவுட் இணைப்பும் ஒரே கோட்டில் வரவே கூடாது.

நடக்கும்போது தளமே மேலும் கீழும் குதித்தால் இது உதவாது. சிமென்ட் போர்டு தளத்துக்கு உறுதி சேர்ப்பதில்லை, எனவே அடிச்சட்டங்களைத்தான் பலப்படுத்த வேண்டும். அடித்தளம் ப்ளைவுட்டாக இல்லாமல் பார்ட்டிகிள் போர்டாக (மரத்துகளை அழுத்திச் செய்த பலகை) இருந்தால் மேலே எதையும் போடாமல் பெயர்த்தெடுங்கள். ஈரம் பட்டால் அது ஊதிவிடும். கான்கிரீட் தளத்துக்கு இந்த வேலையே தேவையில்லை.