பழைய ஜீன்ஸில் ஒரு கௌபாய் குஞ்சப் பை

அமெரிக்க மேற்குப் பகுதியின் கௌபாய் பாணிப் பை என்றதும் குதிரைப் படத்தையும் தொப்பிப் படத்தையும் வாங்கி ஒட்டத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாம். கெட்டியான டெனிம், கண்ணில் படும் தடித்த தையல், நடக்கும்போது அசையும் குஞ்சம், இந்த மூன்றும் சேர்ந்தாலே அந்தப் பாணி வந்துவிடும். எந்திரத்தில் நேர்கோடாகத் தைக்கத் தெரிந்த யாரும் இந்தப் பையைச் செய்யலாம்.

தேவையானவை

பழைய ஜீன்ஸ் ஒன்று. 30 செ.மீ. அகலம், 18 செ.மீ. உயரத்தில் செயற்கை ஸ்வேட் (மென்மையான தோல் போன்ற துணி) துண்டு ஒன்று. லைனிங்குக்கு மாங்காய் டிசைன் போட்ட பருத்தித் துணி. கௌபாய்கள் கழுத்தில் கட்டும் பந்தானாவில் இருப்பதும் இந்த டிசைன்தான். வழக்கமான தையல் நூலுடன் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் தடித்த நூல், செப்பு நிற ரிவெட் (துணி அடுக்குகளைத் துளைத்து இறுக்கும் உலோக ஆணி) நான்கு, சுத்தியல். எந்திரத்துக்கு 100/16 அளவுள்ள டெனிம் ஊசி போடுங்கள். மெல்லிய ஊசி டெனிம் மடிப்பில் ஒடிந்துவிடும்.

வெட்டுதல்

இடுப்புப் பட்டியைத் தையல் பிரித்துத் தனியாக எடுத்து வையுங்கள். வார் அதுதான். ஜீன்ஸின் தொடைப் பகுதியிலிருந்து 30 செ.மீ. அகலம், 32 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். லைனிங்கிலும் அதே அளவில் இரண்டு. எல்லா ஓரத்திலும் 1 செ.மீ. தையலுக்குப் போகும்.

குஞ்சம்

பையின் உயிர் இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளின் தோல் ஆடைகளிலிருந்து வந்த வழக்கம் இது. ஆடையில் விழும் மழைநீர் குஞ்சத்தின் வழியே வடிந்துவிடும். தோலுக்கும் ஸ்வேட் துணிக்கும் வெட்டிய ஓரம் நூல் பிரியாது என்பதால்தான் மடித்துத் தைக்காமல் அப்படியே விட முடிகிறது. பருத்தியில் இதைச் செய்தால் சில நாளில் வெறும் நூலாகத் தொங்கும்.

ஸ்வேட் துண்டின் பின்பக்கம், மேல் ஓரத்திலிருந்து 3 செ.மீ. தள்ளிக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டிக் கத்தரி போகக்கூடாது. கோட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் 2 செ.மீ. வெட்டி நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பக்கத் தையலில் குஞ்சம் மாட்டிக்கொள்ளும். பிறகு 6 மி.மீ. இடைவெளியில் செங்குத்தாகக் கோடுகள் போட்டு, கீழிருந்து மேலே வெட்டுங்கள். கத்தரியின் நடுப்பகுதியால் நீளமாக வெட்டிக்கொண்டு வந்து, கடைசிக் கொஞ்சத்தை மட்டும் நுனியால் முடியுங்கள். ஓரம் பிசிறில்லாமல் வரும். அகலம் அங்கங்கே ஒரு மி.மீ. கூடிக் குறைந்தால் பரவாயில்லை, தொங்கும்போது தெரியாது.

முன்பக்க டெனிம் துண்டின் மேல் ஓரத்திலிருந்து 7 செ.மீ. கீழே ஸ்வேட்டை வைத்து கிளிப்பால் பிடியுங்கள். நடுவில் கிளிப் எட்டாத இடத்தில் துணிப் பசை கொஞ்சம் போதும். குண்டூசி குத்தினால் ஸ்வேட்டில் தடம் விழும். தடித்த நூலை மேலே கோத்து, பாபினில் வழக்கமான நூலைப் போட்டு, தையல் நீளத்தை 3.5 மி.மீ. ஆக்கி, ஸ்வேட்டின் வெட்டாத மேல் பட்டையில் 1 செ.மீ. இடைவெளியில் இரண்டு வரி தையுங்கள். முதலில் இதே அடுக்குகளை வீண் துண்டில் தைத்து நூலின் இறுக்கத்தைச் சரிபாருங்கள். அலங்காரம் எதுவானாலும் துணி விரித்த நிலையில் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பையாக மூடிய பிறகு எந்திரம் உள்ளே போகாது.

பையை மூடுதல்

குஞ்சத்தை உள்பக்கமாகச் சேர்த்து டேப் ஒட்டி வையுங்கள். டெனிம் துண்டுகளின் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, வழக்கமான நூலில் மூன்று பக்கம் தையுங்கள். லைனிங்கையும் அப்படியே, ஆனால் அடியில் 12 செ.மீ. திறப்பு விட்டு. டெனிம் பையை நல்ல பக்கம் வெளியே வரும்படி திருப்பி, திருப்பாத லைனிங்குக்குள் நுழைத்து, வாயைச் சுற்றித் தையுங்கள். திறப்பின் வழியாக முழுவதையும் வெளியே இழுத்து, திறப்பை மூடிவிட்டு, லைனிங்கை உள்ளே தள்ளுங்கள்.

அடுத்து வாயைச் சுற்றித் தடித்த நூலால் மேல்தையல். புதியவர்கள் திணறும் இடம், பக்கத் தையலைக் கடக்கும் அந்த மேடுதான். மேட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்குங்கள். எந்திரத்தின் பாதம் மேட்டில் ஏறும்போது அதன் பின்பக்க அடியில் மடித்த டெனிம் துண்டு ஒன்றைச் செருகினால் பாதம் சாயாமல் சமமாக நிற்கும். அங்கே மிதியை விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

வார்

இடுப்புப் பட்டியின் பிரிந்த ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்து, இரு முனைகளையும் பையின் பக்கங்களில் வெளிப்புறமாக 4 செ.மீ. இறங்கும்படி வையுங்கள். இத்தனை அடுக்கை வீட்டு எந்திரத்தில் தைக்க முயல வேண்டாம், ரிவெட்தான் சரி. ரெனோ நகரத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸ், கால்சட்டைப் பைகளின் மூலை கிழியாமலிருக்கச் செப்பு ரிவெட் அடித்தார்; 1873 மே 20 அன்று அவருக்கும் லீவை ஸ்ட்ராஸ் நிறுவனத்துக்கும் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. நமக்கும் அதே வேலைதான். பக்கத் தையலின் மேலே துளையிடாமல், அதன் இருபுறமும் ஒவ்வொரு துளை போட்டு ரிவெட்டை அடியுங்கள். தண்டு துணி அடுக்குக்கு மேல் 3 மி.மீ. அளவு நீண்டிருந்தால் இறுக்கமாகப் பிடிக்கும்.

குஞ்சத்தின் மேல் வரியில், பையை மூடும் முன்பே, வட்ட வெள்ளி நிறப் பொத்தான்களையும் தைக்கலாம். நவஹோ என்னும் அமெரிக்கப் பூர்வகுடி வெள்ளிக் கொல்லர்களின், வட்ட வெள்ளித் தகடுகள் கோத்த காஞ்சோ இடைக்கச்சைகளைப் பார்த்து உருவான வடிவம் அது. பையை விற்பதானால், அந்தப் பொத்தான்களை நவஹோ கைவேலை என்று சொல்லாதீர்கள். அந்தப் பெயர் அவர்கள் உழைப்புக்கு உரியது.

கையில் வேறு ஸ்வேட் இருந்தால் 8க்கு 12 செ.மீ. துண்டு எடுத்து, மேலே 2 செ.மீ. விட்டுக் குஞ்சமாக வெட்டி, சாவி வளையத்தில் கோத்த சிறு நாடாவைச் சுற்றி இறுக்கமாக உருட்டித் தையுங்கள். வாரில் பெல்ட் நுழையும் காதுகள் அப்படியே இருக்கின்றன அல்லவா, அவற்றில் ஒன்றில் மாட்டிவிடலாம்.