படிச்ச நாவலப் பத்தி நம்ம அபிப்பிராயத்த எழுதி வைக்கிறது எப்படி

போன வருஷம் எங்க சித்தி போன் பண்ணி "நீ அந்த வேள்பாரி நாவல் படிச்சியே, எப்படிடா இருக்கு, வாங்கலாமா"ன்னு கேட்டாங்க. நானும் "சூப்பரா இருக்கு சித்தி, யோசிக்காம வாங்குங்க"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு பாகத்தையும் வாங்கிட்டாங்க, ஆனா முதல் பாகத்துல நூறு பக்கம் கூட தாண்டல. மரம் செடி மூலிகைன்னே போகுதே, கதை எப்பதான் சூடு பிடிக்கும்னு கேட்டாங்க. அந்த மரமும் செடியும்தான் எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச விஷயம், அத நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. அவங்களுக்கு எந்த மாதிரி கதை ஓடும்னு நானும் கேட்டுக்கல. ஆயிரம் ரூபாய்க்கு மேல செலவு பண்ணி வாங்கின புத்தகம் அலமாரில உட்கார்ந்திருக்கு, அத நெனச்சா எனக்கு இன்னும் மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு.

அதுக்கப்புறம்தான் படிக்கிற ஒவ்வொரு நாவலுக்கும் நோட்டு போட ஆரம்பிச்சேன். நான் விமர்சகன் எல்லாம் கிடையாது, ராத்திரி சாப்ட்டு முடிச்சு ஒரு மணி நேரம், பஸ்ல போகும்போது அரை மணி நேரம், அவ்வளவுதான் படிக்கிறது. அப்படிப் படிக்கிறவங்களுக்குத்தான் இத எழுதுறேன். "நல்லா இருக்கு", "மொக்க"ங்கிற ரெண்டு வார்த்தையால யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்ல, எந்த இடம் நல்லா இருக்கு, எத்தனாவது பக்கத்துல தூக்கம் வந்துச்சு, அத சொன்னாதான் கேட்கிறவங்க தனக்கு இது ஒத்து வருமான்னு முடிவு பண்ண முடியும்.

ஒரு எண்பது பக்க நோட்டு போதும், போன்லயே எழுதினாலும் சரிதான். புத்தகத்தத் தொறக்கிறதுக்கு முன்னாடியே ஒரு வரி எழுதிடுங்க, இத ஏன் எடுத்தேன், இதப்பத்தி ஏற்கனவே என்ன தெரியும்னு. இது சின்ன விஷயமாத் தெரியும், ஆனா பொன்னியின் செல்வன் மாதிரி புத்தகத்துக்கு இது ரொம்ப முக்கியம், ஏன்னா 2022லயும் 2023லயும் படம் ரெண்டு பாகமா வந்ததுக்கப்புறம் படிக்க ஆரம்பிச்சவங்க நெறைய பேரு, நானும் அதுல ஒருத்தன். படம் பாத்துட்டுப் படிச்சா முகமெல்லாம் முன்னாடியே மனசுல வந்து உட்கார்ந்துக்குது, வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில குதிரைல வர்ற முதல் அத்தியாயத்துலயே நமக்கு அந்த நடிகர்தான் தெரியுறாரு. படத்துக்கு முன்னாடி படிச்ச எங்க அப்பாவுக்கு, தொடரா வந்தப்போ ஓவியர் மணியம் வரைஞ்ச படங்கள்தான் வந்தியத்தேவன், அவரும் நானும் ஒரே புத்தகத்தப் பத்திப் பேசினாலும் ரெண்டு வேற ஆளப் பத்திப் பேசுற மாதிரி இருக்கும். அதனால "படம் பாத்துட்டுப் படிச்சேன்"னு மொதல்லயே எழுதிட்டா, உங்க அபிப்பிராயத்த வாங்கிக்கிறவங்க அதுக்குத் தகுந்த மாதிரி எடுத்துப்பாங்க.

படிக்கும்போது பெருசா ஒண்ணும் குறிப்பு எடுக்க வேணாம், கதை ஓடுறது கெட்டுப்போயிடும். பென்சில்ல ரெண்டே குறி. எங்க மூடி வச்சிட்டுத் தூங்கப் போனீங்களோ அங்க ஒரு கோடு, எங்க "இன்னும் ஒரு அத்தியாயம்"னு மணி பன்னண்டு தாண்டுச்சோ அங்க ஒரு புள்ளி. நூலகப் புத்தகமா இருந்தா தயவு செஞ்சு அதுல எழுதாதீங்க, பஸ் டிக்கெட்டோ துண்டுச் சீட்டோ வச்சு அதுல பக்க நம்பர போட்டுக்குங்க. புத்தகம் முடிஞ்சதும் இந்தக் கோடும் புள்ளியும் எங்கெங்க இருக்குன்னு பாத்தாலே உங்க அபிப்பிராயத்துல பாதி வந்துடும். பொன்னியின் செல்வன்ல எனக்கு முதல் புள்ளி விழுந்தது கடம்பூர் மாளிகை ராத்திரில, குரவைக் கூத்து, வேலன் ஆட்டம் எல்லாம் முடிஞ்சு எல்லாரும் தூங்கினதுக்கப்புறம் நடு ராத்திரில பெரிய மனுஷங்க கூடிச் சதி பேசுறத வந்தியத்தேவன் ஒளிஞ்சு கேட்கிற இடம். அங்கேர்ந்து ஒரு அம்பது பக்கம் நான் கீழயே வைக்கல.

பேருங்க குழப்புற புத்தகமா இருந்தா மட்டும் கடைசிப் பக்கத்துல ஒரு சின்னப் பட்டியல் போட்டுக்குங்க. பழுவேட்டரையர்லயே பெரியவரு சின்னவருன்னு ரெண்டு பேரு, அருள்மொழிவர்மர்தான் பொன்னியின் செல்வன், அவருதான் பிற்பாடு ராஜராஜ சோழன். இது தெரியாம நூறு பக்கம் போயிட்டு "ஒண்ணும் புரியல, போரு"ன்னு எழுதினவங்கள நான் பாத்திருக்கேன்.

அடுத்தது நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புற விஷயம். நம்ம ஊர்ல பிரபலமான பெரிய நாவல்ல முக்கால்வாசி பத்திரிகைல தொடரா வந்தது. பொன்னியின் செல்வன் கல்கி பத்திரிகைல 1950லேர்ந்து 1954 வரைக்கும் மூணரை வருஷம் வாராவாரம் வந்துச்சு. வேள்பாரி ஆனந்த விகடன்ல வந்தது, அதுக்குப் படம் போட்டவரு மணியம் செல்வன், பொன்னியின் செல்வனுக்கு வரைஞ்ச மணியத்தோட மகன், அந்தத் தொடர்ச்சிய நெனச்சாலே எனக்கு ஒரு சந்தோஷம். வாராவாரம் படிக்கிறவனுக்காக எழுதினத நாம ஒரே ஞாயித்துக்கிழமைல இருபது அத்தியாயம் படிச்சா என்ன ஆகும், ஒவ்வொரு அத்தியாய முடிவுலயும் யாரோ கதவத் தட்டுறாங்க, யாரோ புதர்ல ஒளிஞ்சிருக்காங்க, போன வாரம் நடந்தத கொஞ்சம் திருப்பிச் சொல்றாங்க, நமக்கு அலுப்புத் தட்டும். அது எழுத்தாளர் பண்ண தப்பு இல்ல, ஒரு வாரம் காத்திருந்தவனுக்கு அந்தத் திருப்பிச் சொல்றது வேணும். பொன்னியின் செல்வன நான் ரெண்டாம் பாகத்துலேர்ந்து ஒரு ராத்திரிக்கு மூணு அத்தியாயம்தான்னு வச்சுக்கிட்டேன், அதுக்கப்புறம் அந்த அலுப்பு வரவே இல்ல, பூங்குழலி கோடிக்கரைல படகுல வர்ற இடத்துலேர்ந்து எல்லாமே நல்லா ருசிச்சுது. அதனால "இழுவையா இருக்கு"ன்னு எழுதுறதுக்கு முன்னாடி எவ்வளவு வேகமாப் படிச்சோம்னு ஒரு வரி எழுதுங்க.

அதே மாதிரி ஒவ்வொரு புத்தகத்துக்கும் கேட்க வேண்டிய கேள்வியே வேற. பஸ் ஸ்டாண்டு கடைல தொங்குமே ராஜேஷ்குமார் பாக்கெட் நாவல், விவேக்கும் ரூபலாவும் வர்றது, அதுகிட்ட போய் கதாபாத்திரத்துக்கு ஆழம் இல்லன்னு சொல்றது நியாயமே இல்ல. கோயம்புத்தூர்ல ஏறி சேலத்துல எறங்குறதுக்குள்ள முடிஞ்சுதா, கொலைகாரன நாம முன்னாடியே கண்டுபிடிச்சோமா, முடிச்சு அவுக்கும்போது ஏமாத்தாம அவுத்தாரா, இதான் அங்க கேள்வி. எனக்கு அந்த நாவல்ல ரெண்டு கதைய மாத்தி மாத்திச் சொல்லிட்டுக் கடைசில சேக்கிற முறை இன்னிக்கும் பிடிக்கும், சில புத்தகத்துல அந்தச் சேர்ப்பு அவசரமா இருக்குங்கிறதும் உண்மை.

முடிச்ச அன்னைக்கு ராத்திரியே நாலு வரி எழுதிடுங்க. எழுதுற வரைக்கும் வேற யாரோட அபிப்பிராயத்தையும் படிக்காதீங்க, யூடியூப்ல பாக்காதீங்க. நம்ம மனசு ரொம்ப எளகுனது, யாராவது கொஞ்சம் அழுத்திப் பேசிட்டா அவங்க வார்த்தையே நம்ம வார்த்தை மாதிரி வந்துடும். அப்புறம் ஒரு வாரம் கழிச்சு, புத்தகத்தத் தொறக்காம, என்ன ஞாபகம் இருக்குன்னு ஒரே ஒரு வரி. இந்த ரெண்டாவது வரி எனக்கு நெறைய தடவ முதல் அபிப்பிராயத்தையே மாத்தியிருக்கு.

பெருமாள்முருகனோட பூக்குழி நல்ல உதாரணம். 2013ல வந்த சின்ன நாவல், அதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு 2023ல இன்டர்நேஷனல் புக்கர் பரிசு நெடும்பட்டியல்ல வந்தப்போதான் நெறைய பேருக்குத் தெரிஞ்சுது. குமரேசனும் சரோஜாவும் சாதி மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டு அவனோட ஊருக்கு வர்றாங்க, அவ்வளவுதான் கதை, எந்தச் சாதின்னு புத்தகத்துல ஒரு இடத்துலயும் பேர் சொல்லல. முடிச்ச ராத்திரி நான் எழுதினது, "சின்னப் புத்தகம், ரெண்டு நாள்ல முடிஞ்சது, முடிவு சட்டுனு நின்னுடுது, எனக்குத் திருப்தி இல்ல." ஒரு வாரம் கழிச்சு எழுதினது, "அந்தப் பாறை மேல இருக்கிற வீட்டோட சூடு இன்னும் போகல, மாமியார் மாராயி பேசுற பேச்சு காதுல கேக்குது." இப்ப யாராவது கேட்டா ரெண்டையும் சேத்துத்தான் சொல்றேன். முடிவுல எல்லாத்தையும் தெளிவா கட்டி முடிக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு இது உறுத்தும், ஆனா படிக்காம விட்டுடாதீங்க.

வேள்பாரிக்கு இப்ப என்கிட்ட இருக்கிற குறிப்பு இது. கபிலர் நீலன் பின்னாடி பறம்பு மலை ஏறுற தொடக்கப் பக்கங்கள்லேர்ந்தே காடுதான் கதாநாயகன், ஒவ்வொரு செடிக்கும் விலங்குக்கும் ஒரு கதை, தேவாங்க வச்சுக் கூட ஒரு பெரிய முடிச்சு போட்டிருக்காரு சு.வெங்கடேசன். குறிஞ்சிப்பாட்டுல 99 பூவோட பேர அடுக்கின கபிலர ஒரு காட்டுக்குள்ள நடக்க விட்டா இப்படித்தான் இருக்கும்னு தோணுச்சு. முதல் பாகம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ரெண்டாம் பாகத்துல போர் வருது, மூவேந்தரும் சேர்ந்து ஒரு பக்கம், போர் உத்தியெல்லாம் நுணுக்கமா இருக்கு, ஆனா எனக்கு நீளம் அதிகம்னு பட்டுச்சு, என் கோடு எல்லாமே அங்கதான் விழுந்திருக்கு. சண்டைக் காட்சி பிடிக்கிற என் ஃப்ரெண்டுக்கு நேர் எதிரா, அவனுக்குப் புள்ளி எல்லாமே அங்கதான்.

பிடிக்கலங்கிறதும் நல்லா இல்லங்கிறதும் வேற வேற, இத எழுதும்போது பிரிச்சு எழுதுங்க. கொஞ்சம் கஷ்டம்தான், பழகிடும்.

முடிவச் சொல்லாம முடிவப் பத்திப் பேசுறதுக்கும் ஒரு வழி இருக்கு. என்ன நடந்துச்சுன்னு சொல்லாதீங்க, எந்த மாதிரி முடிவுன்னு மட்டும் சொல்லுங்க. பொன்னியின் செல்வன்ல ஒரு பெரிய கொலை வருது, அத யார் செஞ்சாங்கன்னு நாவல எழுதின கல்கி நேரா கை காட்டல, படிக்கிறவங்க முடிவுக்கே விட்டுட்டாரு. தொடர் முடிஞ்சப்பவே அவங்கவங்க என்ன ஆனாங்கன்னு வாசகர்கள் கேட்டு, அவரு தனியா ஒரு முடிவுரையே எழுத வேண்டி வந்துச்சு. அஞ்சு பாகம் படிச்சிட்டு இப்படி விட்டுட்டாரேன்னு எனக்கும் கோபம் வந்துச்சு, ஆனா அந்த முடிவுரையப் படிச்சதும் கோபம் பாதி எறங்கிடுச்சு, அதனால அத விட்டுடாம படிங்கன்னு சொல்றேன். இவ்வளவு சொன்னா போதும், யாரோட சுவாரஸ்யமும் கெடாது.

பழைய நாவல்னா எந்தக் காலத்துல எழுதினதுன்னு ஒரு வரி கண்டிப்பா வேணும். சுஜாதாவோட என் இனிய இயந்திரா எண்பதுகள்ல விகடன்ல வந்த தொடர். பேரு ரெண்டு எழுத்துக்கு மேல இருக்கக் கூடாது, குழந்தை பெத்துக்க அரசாங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கணும், அப்படி ஒரு எதிர்காலம். அந்த எதிர்காலத்த நாம தாண்டி வந்துட்டோம், அதனால சில இடம் பழசாத் தெரியும். ஆனா ஜீனோங்கிற அந்த ரோபோ நாய்க்குட்டி புத்தகம் படிச்சுப் படிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா யோசிக்கக் கத்துக்கிறது இருக்கே, இன்னிக்கு நாம போன்ல இருக்கிற ஏஐகிட்ட பேசிட்டு அதப் படிச்சா ஒடம்பு சிலிர்க்குது. இத "பழைய கதை"ன்னு ஒரே வார்த்தைல தள்ளிடாதீங்க.

பாதில விட்ட புத்தகத்தப் பத்தியும் எழுதலாம், தப்பே இல்ல, எந்தப் பக்கத்துல விட்டேன்னு மட்டும் நேர்மையா போட்டுடணும். நட்சத்திரம் மார்க் எல்லாம் போடுறது உங்க இஷ்டம், நான் போடுறதில்ல, நாலு மார்க் வாங்கின பாக்கெட் நாவலையும் நாலு மார்க் வாங்கின பூக்குழியையும் பக்கத்துல வச்சா எனக்கே ஒண்ணும் விளங்கல.

கடைசியா, யாராவது "வாங்கலாமா"ன்னு கேட்டா பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்க, கடைசியா நீங்க கீழ வைக்காமப் படிச்சது எதுன்னு. சித்திகிட்ட இப்பதான் அதக் கேட்டேன், காலேஜ் படிக்கும்போது சுஜாதாவோட கணேஷ் வசந்த் வர்ற துப்பறியும் கதைங்கதான்னு சொன்னாங்க, எனக்கு அதுவரைக்கும் தெரியவே தெரியாது. கொலையுதிர் காலத்த எடுத்துக் கொடுத்தேன், பேயா விஞ்ஞானமான்னு கடைசி வரைக்கும் இழுத்துட்டுப் போற கதை, மூணு நாள்ல முடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் பொன்னியின் செல்வன் முதல் பாகம் கொடுக்கும்போது, கடம்பூர் வரைக்கும் பொறுமையாப் படிங்க, ஒரு ராத்திரிக்கு மூணு அத்தியாயம் போதும்னு துண்டுச் சீட்டுல எழுதி உள்ள வச்சேன். நேத்து போன் பண்ணாங்க, ரெண்டாம் பாகம் முடிஞ்சுதாம், "நீ சொன்ன மூணு அத்தியாயமெல்லாம் என்னால முடியலடா, மூணாம் பாகம் கொலை வாள் எப்ப கொண்டு வர்ற"ன்னு கேட்டாங்க.