ஸ்டார்ட் ஆகி ஆகி நின்றுபோகும் எஞ்சின்: கோளாறு தேடும்போது செய்யும் தவறுகள்

கார் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் தேட வேண்டிய இடங்கள் ஓரளவு தெளிவாக இருக்கும். ஸ்டார்ட் ஆகி, கொஞ்ச நேரம் ஓடி, நின்றுபோனால்தான் தலைவலி. மெக்கானிக் பார்க்கும்போது ஒழுங்காக ஓடும், அவர் போனதும் நிற்கும். இந்தக் கோளாறில் பணம் வீணாவது பெரும்பாலும் பழுதான பாகத்தால் அல்ல, தேடிய விதத்தால். இங்கே சொல்வது இன்ஜெக்‌ஷன் வைத்த பெட்ரோல் கார்களுக்கு.

முதல் தவறு, யூகத்தில் பாகம் மாற்றுவது. பிளக் மாற்றிப் பார்ப்போம், ஃபில்டர் மாற்றிப் பார்ப்போம், அப்புறம் பம்ப். மூன்றும் மாற்றிய பிறகும் எஞ்சின் நிற்கும். எந்தப் பாகத்தையும் தொடுவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டே கேள்விகள்: எப்போது நிற்கிறது, எப்படி நிற்கிறது?

எப்படி என்பதை முதலில் பார்ப்போம். ஸ்விட்சை அணைத்தது போலப் பட்டென்று நின்றால் மின்சாரப் பக்கம் சந்தேகப்படலாம்: எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், ரிலே, இக்னிஷன் ஸ்விட்ச், லூசான கனெக்டர். திணறி, உதறி, இழுத்துக்கொண்டே நின்றால் பெட்ரோலோ காற்றோ சரியான அளவில் போகவில்லை. விதிவிலக்கு உண்டு, ஆனால் பாதித் தேடல் இதிலேயே குறைந்துவிடும்.

எப்போது என்பது இன்னும் பேசும். ஸ்டார்ட் ஆன ஓரிரு நொடியில் நின்று, டேஷ்போர்டில் சாவி விளக்கும் மின்னினால், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை ஏற்கவில்லை என்று பொருள்; பம்பை மாற்றிப் பயனில்லை. சாவியை ஸ்டார்ட் நிலையிலிருந்து விட்டதுமே நின்றால் இக்னிஷன் ஸ்விட்சின் உள்தொடர்பு தேய்ந்திருக்கலாம். பெட்ரோல் நிரப்பிய உடனே மட்டும் நின்றால், டேங்க் ஆவியை எஞ்சினுக்கு அனுப்பும் பர்ஜ் வால்வு மூடாமல் திறந்தே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வண்டி மெதுவாகி நிற்கும் தறுவாயில் எஞ்சினும் நின்றால் எஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி முக்கிய சந்தேகம். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது, காலை எடுத்தால் நிற்கிறது என்றாலும் இதே பக்கம்தான்: ஐடிலிங்குக்கு, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடுவதற்கு, வேண்டிய காற்று கிடைக்கவில்லை.

நன்றாகச் சூடான பிறகு மட்டும் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும் வண்டிகள் தனி ரகம். இங்கே கிராங்க் சென்சார் பழைய குற்றவாளி. சூட்டில் அதன் உட்சுருளின் தொடர்பு அறுந்துபோகும், ஆறினால் சேர்ந்துகொள்ளும். ஆறிய சென்சாரை மல்டிமீட்டரால் அளந்துவிட்டு ‘நல்லா இருக்கு’ என்று முடிவு கட்டுவதுதான் தவறு. எஞ்சின் நின்ற அந்த நேரத்திலேயே காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டி, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். எஞ்சின் சுற்றுகிறது, ஸ்கேனரில் பூஜ்யம் என்றால் அந்தச் சென்சாரையும் அதன் வயரையும் விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

அடுத்தது, கோளாறு கண்டால் காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைக்கும் எரர் கோடைப் படிக்காமலே அழிப்பது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டுவதும் பல வண்டிகளில் அதே வேலையைத்தான் செய்யும். கோடு பதிவான நொடியில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எந்த வேகத்தில் ஓடியது என்ற விவரமும் கோடோடு சேமிக்கப்பட்டிருக்கும். அழித்தால் அதுவும் போச்சு. கூடவே கம்ப்யூட்டர் கற்றுவைத்திருந்த ஐடிலிங் அளவும் போய்விடலாம். நேற்று எப்போதாவது நின்ற வண்டி இன்று ஒவ்வொரு சிக்னலிலும் நிற்கும். த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்த பிறகு ஐடிலிங் தாறுமாறாகப் போவதும், கரியோடு கற்ற பழைய அளவு இனிப் பொருந்தாததால்தான். அந்த வண்டிக்குரிய முறையில் ஐடிலிங்கை மறுபடி கற்றுக்கொள்ள விட வேண்டும்.

கோடைப் படித்துவிட்டு, அதையே பாகத்தின் பெயராக எடுத்துக்கொள்வது இன்னொரு தவறு. என் கணக்கில் மிக அதிகம் நடப்பது இதுதான். பி0171 என்று வந்தால் உடனே ஆக்சிஜன் சென்சார் வாங்கப் போகிறார்கள். அந்தக் கோடு சொல்வது, காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் குறைகிறது என்பது மட்டுமே. பெட்ரோலுக்குச் சரியான விகிதம் எடையளவில் 1 பங்குக்குச் சுமார் 14.7 பங்கு காற்று. அது மாறியதற்குக் காரணம் கிழிந்த வேக்குவம் ஹோஸாக இருக்கலாம், அழுத்தம் குறைந்த பம்பாகவும் இருக்கலாம். ஸ்கேனரில் ஃபியூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ சரிக்கட்டுகிறது என்று பாருங்கள். ஐடிலிங்கில் +20 சதவீதத்துக்குப் பக்கம் இருந்து, 2500 ஆர்பிஎம்மில் இயல்புக்கு இறங்கினால் காற்று எங்கோ திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. காற்று அதிகம் தேவைப்படும் வேகத்தில் அந்தச் சிறு கசிவு ஒரு பொருட்டே இல்லை என்பதால்தான் எண் இறங்குகிறது. மாறாக, வேகமும் சுமையும் கூடக் கூட எண்ணும் ஏறினால் பெட்ரோல் வரத்தையோ, உள்ளே வரும் காற்றைக் குறைத்துக் காட்டும் ஏர்ஃப்ளோ சென்சாரையோ சந்தேகப்படுங்கள்.

அந்தச் சென்சாரைச் சுத்தம் செய்கிறேன் என்று கார்புரேட்டர் கிளீனரை அடிப்பவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி கெட்டுப்போகும். அதற்கென்று தனி ஸ்ப்ரே இருக்கிறது. காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கச் சூடான எஞ்சின் மேல் கிளீனரைப் பீய்ச்சுவதும் வேண்டாம், தீப்பிடிக்கும். புகை விட்டுச் சோதிக்கும் கருவி பாதுகாப்பானது, கசிவையும் கண்ணுக்குக் காட்டிவிடும்.

‘பம்ப் சத்தம் கேட்குது, அதனால் பம்ப் நல்லா இருக்கு’ என்பதும் நம்ப முடியாத வாதம். சத்தம், மோட்டார் சுற்றுவதற்கு மட்டுமே சாட்சி. பல கார்களில் சாவியை ஆன் செய்ததும் பம்ப் ஓரிரு நொடி ஓடி அழுத்தம் ஏற்றும். அந்த அழுத்தத்திலேயே எஞ்சின் ஸ்டார்ட் ஆகி, பிறகு பம்புக்கு மின்சாரம் வராமல் நின்றுபோகலாம். கேஜ் மாட்டி, எஞ்சின் நிற்கும் தருணத்தில் அழுத்தம் விழுகிறதா என்று பார்த்து, அந்த வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். பெட்ரோல் லைனில் அழுத்தம் இருக்கும் என்பதால் பழக்கம் இல்லாதவர்கள் அதைத் திறக்கக்கூடாது.

எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி ஆல்டர்நேட்டரைச் சோதிக்கும் பழைய வித்தையை மறந்துவிடுங்கள். மின்னழுத்தம் திடீரென எகிறி கம்ப்யூட்டர் பழுதாகலாம். மல்டிமீட்டர் போதும்: எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.7 வோல்ட் வரை காட்டும்.

காரணம் தெரியும்வரை அந்த வண்டியை வேகச் சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். ஓட்டத்தில் எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கனக்கும், பிரேக்குக்கு இருக்கும் உதவி ஓரிரு மிதிப்பில் தீர்ந்துவிடும். அதனால் விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக மிதித்து ஓரங்கட்ட வேண்டும். நிற்கிறதா என்று பார்க்க மூடிய கேரேஜுக்குள் எஞ்சினை ஓடவிடுவதும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பாகத்தை மாற்றியதும் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு ‘சரியாகிவிட்டது’ என்று சாவியை வாங்கிக்கொள்ளாதீர்கள். சூட்டில் நின்ற வண்டி என்றால் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பாருங்கள், பெட்ரோல் போட்டதும் நின்ற வண்டி என்றால் டேங்கை நிரப்பிப் பாருங்கள்.