லேப்ரடார் குட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

முதலில் பட்டியலை மூடி வையுங்கள். மனதில் இருக்கிற பெயரைச் சொல்லிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஏறி, கீழே தெருமுனையில் நாய் நிற்பதாக நினைத்து ஒரு தடவை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். இழுத்துக் கூப்பிட வந்தால் அந்தப் பெயரை மேற்கொண்டு யோசிக்கலாம். தொண்டையிலேயே நின்றுவிட்டால் விட்டுவிடுங்கள். நாய்க்குப் பெயர் என்பது கூப்பிடு குரல். தீபாவளி வெடிச் சத்தத்தில் மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடுகிற நாயைத் திருப்ப உங்கள் கையில் இருப்பது அது ஒன்றுதான்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் இருப்பவள் தாமி. முழுப்பெயர் தாமிரபரணி. மஞ்சள் லேப்தான், ஆனால் செம்புச் சாயல் ஓடும் அடர் நிறம். லேப்ரடார்களின் மூதாதைகள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு வலை இழுத்த நாய்கள். இன்றைக்கும் விரல்களுக்கு நடுவே சவ்வு இருக்கிறது, தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது. அப்படிப்பட்டவளுக்கு எங்கள் ஆற்றின் பெயர் பொருந்தும் என்று பட்டது. நீளமான பெயரை ஆசைக்கு வைக்கலாம், தவறில்லை. ஆனால் எப்படியும் ஒரு வாரத்தில் வீட்டார் அதைச் சுருக்கிவிடுவார்கள். ஆளுக்கொரு விதமாகச் சுருக்குவதற்கு முன்னால் சுருக்குப்பெயரை நீங்களே முடிவு செய்துவிடுங்கள். இரண்டு அசை போதும். முதல் எழுத்து க, ட, த, ப போல அழுத்தமாகவும், கடைசி இழுக்க வசதியாக உயிரோசையிலும் இருந்தால் நல்லது. "தாமீ..." என்று கூப்பிட்டால் எங்கள் தெருக்கோடி வரை கேட்கும்.

அடுத்து, வீட்டில் எல்லோருடைய வாயிலும் அது ஒரே மாதிரி வருகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பேச்சு அடிபட்டது மேக்ஸ். என் அம்மா வாயில் அது 'மேசு', மகள் வாயில் 'மாக்ஸி', வேலைக்கு வரும் அக்காவுக்கு 'மேக்கு'. குட்டியின் காதுக்கு இவை மூன்று வெவ்வேறு சொற்கள். தாமி என்றால் ஆச்சிக்கும் பேத்திக்கும் ஒரே ஒலிதான். அந்தக் காலத்து டாமி மாதிரி இருக்கிறதே என்று அம்மாவுக்கு அது உடனே பிடித்தும் போனது.

கட்டளைச் சொற்களோடு மோதும் பெயர்களைத் தள்ளிவிடுங்கள். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ப்ரூனோ கம்பீரமான பெயர், ஆனால் அதன் கடைசியில் ஒரு 'நோ' இருக்கிறது. சிட்டு என்று கூப்பிட்டால் 'சிட்' பழகிய குட்டி உட்கார்ந்துவிடும். வாலுவில் 'வா' இருக்கிறது, போலோவில் 'போ'. கட்டளைகளைத் தமிழில் சொல்லப்போகிறீர்களா, ஆங்கிலத்திலா என்பதைப் பெயருக்கு முன்பே முடிவு செய்துகொண்டால் இந்தச் சிக்கல் பாதி தீரும். ஏற்கெனவே ஒரு நாய் இருந்தால் அதன் பெயரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். ராக்கியும் ரோஸியும் ஒரே வீட்டில் வேண்டாம்.

நாள் முழுக்க வீட்டில் புழங்கும் சொல்லும் வேண்டாம். சாக்லேட் நிற லேப்புக்குக் காப்பி என்று பெயர் வைக்க யாருக்கும் ஆசை வரும். ஆனால் "காப்பி போடவா?", "காப்பி ஆறிப்போச்சு" என்று காலையிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்துகொண்டே இருக்கும், அதற்கும் குட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. கொஞ்ச நாளில் அது திரும்பிப் பார்ப்பதையே நிறுத்திவிடும். தங்கம், செல்லம், குட்டி எல்லாமே இந்த வகைதான். எங்கள் ஊரில் 'ஏலே'யையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெயர் வைத்துவிட்டு எல்லோரும் "ஏலே" என்றே கூப்பிட்டால், ஏலே என்பதுதான் அதன் பெயர்.

தெருவில் மணி அண்ணன் இருந்தால் மணி வேண்டாம், மரியாதையாக இருக்காது. கறுப்பு லேப்புக்குக் கருப்பன் என்று வைப்பதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கருப்பசாமியைக் கும்பிடும் குடும்பத்தில் அந்தப் பெயரைச் சொல்லி அதட்டினால் மனசு சங்கடப்படும். நிறத்தை வைத்துப் பெயர் யோசிப்பவர்களுக்கு இன்னொன்று: மஞ்சள் குட்டிகள் பெரும்பாலும் வளர வளர அடர்நிறமாகும். காதுமடலைப் பாருங்கள், பின்னால் வரப்போகும் நிறம் ஓரளவு அங்கே தெரியும்.

நாய்களின் இனத்தைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் சான்றிதழில் வேறு பெயர் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம். அது தாளுக்கு, வீட்டுப் பெயர் உங்கள் விருப்பம். தடுப்பூசி அட்டையில் மட்டும் கூப்பிடும் பெயரையே எழுதச் சொல்லுங்கள். டாக்டரும் அப்படியே கூப்பிடுவார்.

பெயர் முடிவானதும் அன்றே பழக்கத் தொடங்கலாம். எட்டு வாரக் குட்டிக்குக் காது நன்றாகவே கேட்கும். சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்னால், அதன் உணவிலிருந்தே சில பருக்கைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பெயரை ஒரே ஒரு முறை சொல்லுங்கள். திரும்பிப் பார்த்த நொடியில் ஒரு பருக்கை கொடுங்கள். பார்க்கவில்லை என்றால் பத்துத் தடவை கத்த வேண்டாம், சற்று நகர்ந்து நின்று மறுபடி சொல்லுங்கள். ஹாலில் பழகியபின் அடுக்களை, அப்புறம் முற்றம், அப்புறம் தெரு. லேப் தீனிக்கு மயங்கும் இனம் என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். ஏறத்தாழ நான்கில் ஒரு லேப்ரடாருக்குப் பசி அடங்காமல் செய்யும் மரபணு மாற்றம் இருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதனால் பழக்கும்போது கொடுப்பதை அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பெயரோடு சேர்ந்து எடையும் ஏறும்.

டிவியும் குக்கரும் அலறும் வீட்டில் இதெல்லாம் நடக்குமா என்றால், நடக்கும். பலர் சேர்ந்து பேசும் இரைச்சலுக்கு ஈடான அளவில் ஒலித்தாலே நாய்கள் தம் பெயரைப் பிரித்தறிகின்றன என்று 2019-இல் மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வு காட்டியது.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பாயில் மூத்திரம் போனதற்கும் செருப்பைக் கடித்ததற்கும் பெயர் சொல்லித் திட்டாதீர்கள். அதட்ட "ம்ஹூம்" போதும். குளிப்பாட்டவும் மாத்திரை கொடுக்கவும் நகம் வெட்டவும் பெயர் சொல்லி அழைக்காதீர்கள், நீங்களே எழுந்துபோய்த் தூக்கி வாருங்கள். பெயரைக் கேட்டால் நல்லதுதான் நடக்கும் என்று குட்டி நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை ஒரு தடவை போனால் திரும்ப வரவழைப்பது பெரும்பாடு.

வளர்ந்த லேப்பைத் தத்தெடுக்கிறீர்கள் என்றால் பழைய பெயரையே வைத்துக்கொள்வது நல்லது. அந்தப் பெயரைக் கேட்டு அது ஒடுங்குகிறது என்றால் மட்டும் மாற்றுங்கள், அப்போது ஒலியிலும் பழையதன் சாயல் இல்லாத பெயராகப் பார்த்து, இதே பருக்கை முறையில் முதலிலிருந்து பழக்குங்கள்.