ஃப்ரீசரில் வைத்த கறியை எப்படி இளக்குவது, மீதியை மறுபடி உள்ளே வைக்கலாமா?

கோயில் கொடையில் கிடா வெட்டிப் பங்கு பிரித்து வரும் கறியும், பக்ரீத் அன்று மேலப்பாளையத்தில் தெரிந்தவர் வீட்டிலிருந்து வரும் கறியும் நமக்குத் தேவையான அளவு பார்த்து வருவதில்லை. ஒரே நாளில் இரண்டு கிலோ, மூன்று கிலோ சேர்ந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் அதை ஒரே பையில் முடிச்சுப் போட்டு ஃப்ரீசருக்குள் தள்ளிவிட்டு, நாலு நாள் கழித்து அரைக் கிலோ வேண்டும் என்றதும் மொத்தக் கட்டியையும் வெளியே எடுத்து சிங்க்கில் போட்டு, மேலாக இளகியதை மட்டும் பிய்த்துக்கொண்டு மிச்சத்தைத் திரும்ப உள்ளே வைப்பார்கள். வயிற்றுக்கு வம்பு இதில்தான் ஆரம்பிக்கிறது. சரியான முறை ஒன்றும் கஷ்டமில்லை, ஃப்ரீசரில் வைக்கும்போதே பாதி வேலையை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் வேலை: சின்னப் பொட்டலமாகப் பிரிப்பது

கறி வந்ததும் ஒரு நேரச் சமையலுக்கு எவ்வளவு தேவையோ அந்த அளவில் பிரித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் வீடு என்றால் அரைக் கிலோ. கெட்டியான ஜிப் கவரில் போட்டு, கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, தட்டையாகப் பரப்பி மூடுங்கள். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். மெதுவாக உறையும் கறிக்குள் ஐஸ் பெரிய பெரிய படிகமாக வளர்ந்து தசையைக் கிழித்துவிடும், இளக்கும்போது சாறு ஓடிப்போய்க் கறி சக்கையாகிவிடும். மேலே தேதியை எழுதி ஒட்டுங்கள். கோழி, ஆடு, ஈரல், கொத்துக்கறி எல்லாம் உறைந்த பிறகு ஒன்றுபோலத்தான் தெரியும்.

அப்போதுதான் வெட்டிய கிடாவின் கறி என்றால் பொட்டலங்களை முதலில் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் ஒரு ராத்திரி தனித்தனியாகப் பரப்பி வைத்து, மறுநாள் ஃப்ரீசருக்கு மாற்றுங்கள். சூடு ஆறாத கறியை உடனே உறைய வைத்தால் அது விறைத்து, வேகவைத்தாலும் ரப்பர் மாதிரி இழுக்கும்.

மைனஸ் 18 டிகிரியில் உறைந்த கறி பல மாதம் கெடாது, ருசிதான் மெல்லக் குறையும். ஆனால் ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் ஐஸ் பெட்டியில் அந்தக் குளிர் நிற்பது சந்தேகம், அதில் வைத்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இளக்குவது

மேடையில் வைத்து இளக்கக் கூடாது. கட்டியின் நடுவில் ஐஸ் கரையுமுன்னே வெளிப்பக்கம் அடுப்படிச் சூட்டுக்கு வந்துவிடும். உறைய வைப்பதால் கிருமிகள் சாவதில்லை, சும்மா முடங்கிக் கிடக்கின்றன. 4 டிகிரிக்கு மேல் போனதும் எழுந்துகொள்ளும், நல்ல சூடு கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு மடங்காகும். பச்சைக் கறி வெளியே இருக்க 2 மணி நேரம்தான் கணக்கு, அறைச் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம். கத்திரி வெயிலில் பாளையங்கோட்டை அடுப்படி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், நம் ஊருக்கு ஒரு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். "குக்கரில் அஞ்சு விசில் விட்டா எல்லாம் செத்துரும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிருமி சாகும், வாஸ்தவம். ஆனால் சில கிருமிகள் அதற்குள் கக்கி வைத்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

நல்ல வழி ஃப்ரிட்ஜுக்குள் இளக்குவது. நாளைக்குக் குழம்பு என்றால் இன்று சாயங்காலமே பொட்டலத்தை எடுத்து, விளிம்பு உள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் வைத்து, கீழ்த்தட்டில் விடுங்கள். மேல்தட்டில் வைத்தால் கறித்தண்ணீர் கீழே இருக்கும் தயிரிலும் மல்லித்தழையிலும் சொட்டும். தட்டையான அரைக் கிலோ விடிவதற்குள் இளகிவிடும், முழுக்கோழிக்கு ஒரு நாள் முழுதும் வேண்டும்.

திடீரென்று விருந்தாள் வந்துவிட்டால் குளிர்ந்த தண்ணீர் வழி இருக்கிறது. கவரில் ஓட்டை இல்லை என்று பார்த்துக்கொண்டு ஒரு போணித் தண்ணீரில் முழுக முக்கி வையுங்கள், அரை மணிக்கு ஒருதரம் தண்ணீரை மாற்றுங்கள். அரைக் கிலோவுக்கு ஒரு மணி நேரம் போதும். கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் குழாயிலேயே சுடச்சுட வரும், அது ஆகாது, குடத்துத் தண்ணீரில் ஐஸ் கட்டி போட்டுக்கொள்ளுங்கள். இப்படி இளக்கினாலும் சரி, மைக்ரோவேவில் இளக்கினாலும் சரி, உடனே அடுப்பில் ஏற்றிவிட வேண்டும்.

ஆள் அவசரமாக இருந்தால் இளக்காமலே குழம்பில் போடலாம், வேக ஒன்றரை மடங்கு நேரம் பிடிக்கும்.

மீதியை மறுபடி உறைய வைக்கலாமா?

எப்படி இளக்கினீர்கள் என்பதைப் பொறுத்தது. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளகி, வெளியே வராமல் இருந்த கறியைப் பச்சையாகவே திரும்ப ஃப்ரீசரில் வைக்கலாம். இன்னும் கொஞ்சம் சாறு போகும், ஆபத்தில்லை. ஆனால் இளகிய கோழியும் கொத்துக்கறியும் ஃப்ரிட்ஜில் 2 நாளுக்கு மேல் தாங்காது. ஆட்டுக்கறித் துண்டு கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், அது கடையில் தொங்கிய நேரத்தையும் சேர்த்துப் பார்த்து நான் 2 நாளோடு நிறுத்திக்கொள்வேன். தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கியதைச் சமைத்த பிறகுதான் உறைய வைக்கலாம், அந்தக் குழம்பையும் அடுப்பிலிருந்து இறக்கிய 2 மணி நேரத்துக்குள் ஆறவைத்து உள்ளே வையுங்கள். மேடையில் மறந்து கிடந்த கறியைக் கொட்டிவிடுங்கள். மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், நோய் தரும் கிருமி பெருகிய கறியும் நல்ல வாசனையோடு இருக்கும்.

கழுவும்போது குழாயைப் பீய்ச்சித் திறக்காதீர்கள். மஞ்சள்தூள் போட்டுப் பாத்திரத்துக்குள்ளேயே அலசி, தண்ணீரைத் தெறிக்காமல் ஊற்றி, சிங்க்கையும் கையையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள். கறி வெட்டிய பலகையில் வெங்காயம் நறுக்கக் கூடாது.

கரண்ட் போனால்

2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்கள் கரண்ட் இல்லாமல் கிடந்ததை நாம் பார்த்தோம். அப்படி ஒரு நேரம் வந்தால் முதலில் கதவைத் திறக்காதீர்கள். திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைப் பிடித்து வைக்கும். வெளியூர் போகும்போது ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது காசு மேலேயே இருந்தால் ஐஸ் கரையவில்லை. டம்ளரின் அடிக்குப் போய் உறைந்திருந்தால் நீங்கள் இல்லாதபோது எல்லாம் இளகி, கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்திருக்கிறது, அந்தக் கறியை எடுக்காதீர்கள். ஊரில் இருக்கும்போதே கரண்ட் வந்தால் பொட்டலத்தைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே இன்னும் ஐஸ் நறநறவென்று இருந்தால் அப்படியே திரும்ப உறைய விடலாம்.